மெழுகுக்கு முன்னால் ஒரு நாள்

மூஸா மரைக்காயர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரை முழுதும் குடித்து முடித்த பிறகுதான் அந்தப் பேச்சை எடுத்தார். என் மகளின் நிக்காஹில் என் மகன் வலீயாக உட்கார வேண்டாம் என்றார்.

வலீ என்றால் பெண்ணைக் கொடுக்கும் பொறுப்புடையவன். தகப்பன் இருந்தால் தகப்பன். இல்லையென்றால் உடன்பிறந்த அண்ணன். சபையில் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, 'என் தங்கையை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்' என்று சொல்ல வேண்டியவன். என் கணவர் மீராசா காலமாகிவிட்டார். ஆகவே மகள் நுஸைபாவைக் கொடுக்கிற உரிமை மகன் யூனுஸுக்கு. அதிராம்பட்டினத்தில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது.

மூஸா மரைக்காயர் மாப்பிள்ளை தௌபீக்கின் பெரியவாப்பா. தம்பி இறந்த பிறகு அந்தப் பிள்ளையை எடுத்து வளர்த்து, படிக்க வைத்து, சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பியவர். நல்ல மனிதர் என்று ஊர் சொல்லும். நானும் சொல்வேன். நல்ல மனிதர்களுக்கும் நாக்கு உண்டு.

"பினாங்குலேருந்து பொண்ணோட சாச்சா வர்றாங்கள்ல, சம்பந்தி. நல்ல தோற்றமான ஆளு. அங்க பெரிய துணிக்கடை. அவங்களே வலீயா உக்காந்தா சபைக்கு ஒரு இது இருக்கும்."

"எது இருக்கும்?" என்று கேட்டேன். சாச்சா என்று அவர் சொன்னது என் கணவரின் தம்பியை.

"ஒரு கௌரவம்."

"யூனுஸ் உக்காந்தா?"

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். "தம்பியைக் குறை சொல்லலை. தங்கமான புள்ள. ஆனா நாலு பேரு கேப்பாங்க. வலீ என்ன பண்றாருன்னு கேட்டா என்ன சொல்றது? கார்ல பூசி மெழுகுற வேலைன்னா சொல்றது?"

பூசி மெழுகுவது என்ற சொல்லை யாரும் வாய் தவறிச் சொல்வதில்லை. உள்ளே ஓட்டையை வைத்துக்கொண்டு மேலே பளபளப்புக் காட்டுகிறவனைத்தான் அப்படிச் சொல்வது. ஒரே சொல்லில் என் மகனின் தொழிலையும் எங்கள் வீட்டின் வாக்கையும் சேர்த்து அவர் தட்டில் வைத்துவிட்டார். சம்பந்தம் பேசிய தரகர் அவரிடம் 'வளைகுடாவுல கார் கம்பெனி' என்று அளந்திருக்கிறார். அது தரகர் வாய். பெண் பார்க்க வந்த அன்றைக்கே நான் மூஸா மரைக்காயர் முகத்தைப் பார்த்து, "யூனுஸ் சார்ஜாவுல காருக்கு மெழுகு போடுற கடையில வேலை பார்த்தான். இப்ப பட்டுக்கோட்டையில சொந்தமா அதே கடை வச்சிருக்கான்" என்று சொன்னேன். அன்று அவர் பிரியாணியில் கவனமாக இருந்தார் போலிருக்கிறது.

நாங்கள் நங்கூர வீட்டார். வாசல் நிலைக்கு மேலே மரத்தில் செதுக்கிய நங்கூரம் இருப்பதால் அந்தப் பெயர். தோணி விட்டோம், அதில் நட்டப்பட்டோம். அரிசி மண்டி வைத்தோம், அதையும் மூடினோம். எதையும் ஊருக்கு மறைத்ததில்லை. மண்டியின் பலகையை இறக்கியதுகூடப் பட்டப்பகலில்தான்.

"அண்ணன் உயிரோட, புத்தியோட, கூப்பிடு தூரத்துல இருக்கான். அவன்தான் வலீ" என்றேன்.

"உரிமையைச் சாச்சாவுக்கு அவரே விட்டுக் கொடுக்கலாம், சம்பந்தி. மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்கு."

"மார்க்கத்துல இருக்கு. இந்த வீட்டுல இல்லை."

அவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "யோசிச்சுச் சொல்லுங்க. எங்க பக்கமும் யோசிக்கிறவங்க இருக்காங்க."

அதன் பொருள் எனக்குப் புரிந்தது. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. பந்தலுக்குக் கீற்று வந்து கொல்லையில் கிடக்கிறது. இந்த நிலையில் மாப்பிள்ளை வீடு 'யோசித்தால்' நுஸைபாவின் பெயர் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாசல்வரை சென்று வழியனுப்பினேன். மரியாதையில் குறை வைக்கக் கூடாது. தெருவில் அவருடைய புதிய கறுப்புக் கார் நின்றது. ஏறுவதற்கு முன் தோளில் கிடந்த துண்டால் கதவை இரண்டு தட்டுத் தட்டி, அழுத்தி ஒரு இழுப்பும் இழுத்தார். கடற்கரை ஊரில் காரைத் துண்டால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம் என்று யூனுஸ் சொல்வான். நான் அவரிடம் சொல்லவில்லை. கேட்காதவருக்கு எதற்கு?

எங்கள் ஊர் வழக்கப்படி யூனுஸ் இருப்பது அவன் மனைவி ஜஸீலாவின் வீட்டில். ஆனால் மாலையில் கடை சாத்திவிட்டு முதலில் என்னிடம்தான் வருவான். அன்றும் வந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து சிரித்தான்.

"இதுக்கா உம்மா முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க? சாச்சாவே உக்காரட்டும். நான் பந்தியைப் பார்த்துக்கிறேன். நுஸைபா கல்யாணம் நல்லபடியா நடந்தாப் போதும்."

"பந்தியைப் பார்க்க ஆள் இருக்கு. உன் இடத்துல உக்காரத்தான் ஆள் இல்லை."

"அவரு சொன்னதுல என்ன தப்பு? மெழுகுதானே போடுறேன்."

"மெழுகு போடுறேன்னு சொல்லலை. பூசி மெழுகுறேன்னு சொன்னாரு."

சிரிப்பு நின்றது. நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகும், "இருந்துட்டுப் போகட்டும் உம்மா" என்றுதான் சொன்னான். அவனுடைய வாப்பாவும் இப்படித்தான். ஊருக்காக விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்பவர். அவர் விட்டதையெல்லாம் பிடித்து வைக்கிற வேலை எனக்கு இருந்தது.

அடுப்படியிலிருந்து நுஸைபாவின் குரல் வந்தது. அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் அழைப்போம். "காக்கா, நீங்க பந்தியில நின்னா நானும் வந்து சோறு அள்ளி வைக்கிறேன். கல்யாணம் பண்ணிக்க அவங்க வேற பொண்ணைப் பார்க்கட்டும்."

"ஏய், வாயை மூடு" என்றான்.

"நீங்க வாயைத் திறங்க. அன்னிக்கு மைக்ல நீங்கதான் பேசணும்."

அவள் என் மகள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

யோசித்துச் சொல்லச் சொன்ன மூஸா மரைக்காயருக்கு நான் ஆள் அனுப்பவில்லை. சொன்ன பதிலை இரண்டாம் தடவை சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் சும்மா இருக்கவில்லை. பினாங்குக்கே போன் போட்டு என் கொழுந்தனிடம் பேசியிருக்கிறார். கொழுந்தன் என்னைக் கூப்பிட்டார். அண்ணன் மனைவியான நான் அவருக்கு மச்சி.

"என்ன மச்சி, நான் உக்காந்தா என்ன குறைஞ்சிடும்? நானும் அண்ணன் ரத்தம்தானே?"

"ஒண்ணும் குறையாது. நீங்க வாங்க, முன் வரிசையில உக்காருங்க. பட்டுச் சால்வை போர்த்தச் சொல்றேன். வலீ இடம் மட்டும் காலியா இல்லை."

"கல்யாணம் நின்னுட்டா?"

"நின்னாலும் அவன் உக்காந்த இடத்துலதான் நிக்கும்" என்று போனை வைத்தேன்.

யூனுஸின் தொழிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பின்னால் நடந்தது அதனால்தான். வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் என்றிருந்த எங்கள் பக்கத்தில் இப்போது வீட்டுக்கு ஒரு கார் என்று வந்துகொண்டிருக்கிறது. கடலோரத்தில் மட்டுமல்ல, ஒரத்தநாடு, பூதலூர்ப் பக்கத்து வயல்காரர்களும் பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பியதில் கார் வாங்கி வாசலில் நிறுத்துகிறார்கள். எங்கள் பக்கத்துக் காரை உப்புக்காற்று தின்கிறது. அவர்கள் பக்கத்துக் காரை அறுப்புக் காலத்துத் தூசியும் நெல்லுச் சுணையும் தின்கின்றன. அதைத் தடுக்க யூனுஸ் இரண்டு பூச்சுப் போடுவான்.

முதலில் சீலன்ட். பார்வைக்குப் பால் கலந்த தண்ணீர் போல இருக்கும். ஆனால் பெயின்டைப் பிடித்துக்கொண்டால் இலேசில் விடாது. அதன் மேல் கார்னாபா மெழுகு. பிரேசில் தேசத்துப் பனையொன்றின் ஓலையில் படிகிற மெழுகாம். பார்க்கப் பார்க்க உள்ளே இழுக்கிற மினுக்கு அதில்தான் வரும். ஆனால் நம் ஊர் வெயிலில் தனியாக நின்றால் அது சீக்கிரம் போய்விடும். காப்பது கீழே, அழகு மேலே. இடம் மாறினால் இரண்டும் கெட்டது. மெழுகு போட்ட பரப்பில் சீலன்ட் ஒட்டாது. எண்ணெய்க் கையில் மருதாணி வைத்த கதைதான். சீலன்ட் போட்ட கையோடு மெழுகைப் போட்டாலும் ஆகாது. அது இறுகுவதற்கு ஒரு நாள் விட வேண்டும். அந்த ஒரு நாளுக்காக எத்தனையோ வாடிக்கைக்காரர்களிடம் சண்டை போட்டிருக்கிறான். சமாதானமான பிள்ளை, அந்த ஒன்றில் மட்டும் என்னைக் கொண்டிருக்கிறான்.

கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கும் முந்தின நாள். பந்தல்காரர்கள் கீற்று முடைந்துகொண்டிருந்தார்கள். போனை எடுத்த நுஸைபா என்னிடம் வந்து, "காக்கா இன்னிக்கு வர நேரமாகுமாம். மூஸா மாமாவோட வண்டி கடைக்கு வந்திருக்காம்" என்றாள்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று மறுபடி கேட்டேன். சரிதான்.

சபையில் உட்காரத் தகுதி இல்லாதவனுக்கு அவர்கள் வண்டியைத் துடைக்க மட்டும் தகுதி வந்துவிட்டதா? துப்பட்டியை எடுத்துப் போர்த்தினேன். வாடகைக் கார் பிடித்தேன். "எங்கம்மா, ஆஸ்பத்திரிக்கா?" என்று டிரைவர் கேட்டார், என் முகத்தைப் பார்த்து. "பட்டுக்கோட்டைக்கு. வேகமாப் போங்க" என்றேன். வழியெல்லாம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. ஒவ்வொன்றையும் தாண்டும்போது யூனுஸிடம் சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடை தஞ்சாவூர் சாலையில், தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. நடுவில் கறுப்புக் கார் நின்றது. அதன் மேல் அங்கங்கே சின்னச் சின்ன வெள்ளைக் காகித டேப்புத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை தௌபீக் என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க மாமி" என்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையசைத்தேன். அவர் முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. பெரியவாப்பா என் வீட்டில் வந்து பேசியது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

யூனுஸின் கூட்டாளி இளையபெருமாள் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார். பூதலூர்க்காரர், முன்பு லாரிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர், வாய்க்கு வேலை கொடுக்காமல் இருக்க முடியாதவர்.

"அம்மா, வண்டி வந்து நின்ன கோலத்தை நீங்க பார்த்திருக்கணும். கறுப்பு வண்டின்னே தெரியலை. கோலமாவு கொட்டின தோசைக்கல்லு மாதிரி இருந்துச்சு."

தௌபீக் சிங்கப்பூரிலிருந்து இரண்டு டப்பாக்கள் வாங்கி வந்திருந்தாராம், சீலன்ட் ஒன்று, மெழுகு ஒன்று. யூனுஸிடம் கொடுத்துப் போடச் சொல்லலாம் என்றிருக்கிறார். மூஸா மரைக்காயர், 'பூசித் துடைக்கிறதுக்கு ஒரு ஆளா?' என்று காரை உச்சிவெயிலில் நிறுத்தி, டிரைவரை வைத்து, தானே மேற்பார்வை பார்த்திருக்கிறார். வாசனை நன்றாக இருந்த டப்பாவை முதலில் திறந்தார்கள். அது மெழுகு. அது காய்வதற்குள் மேலே சீலன்ட்.

"துடைக்கத் துடைக்க இழுவியிருக்கு" என்றார் இளையபெருமாள். "அதுமேல தெருப்புழுதி வேற. மாப்பிள்ளை ஊர்வலம் இந்த வண்டியிலதானாமே? திருஷ்டி மட்டும் பட்டிருக்காதும்மா, அது ஒண்ணுதான் லாபம்."

தௌபீக் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் சிரிக்க வரவில்லை. நேரே யூனுஸிடம் போனேன். அவன் ஒரு கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு காரின் முகப்பை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தான். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்படித் தடவினால் தெரியுமாம்.

"வண்டியை வெளியே எடுத்து நிறுத்து" என்றேன், மாப்பிள்ளை காதில் விழாதபடி.

"பழைய மெழுகையெல்லாம் கழட்டியாச்சு உம்மா. தேய்ச்சு முடிச்சாச்சு. இப்ப எப்படி நிறுத்துறது?"

"அவரு உன்னைச் சொன்ன சொல்லு மறந்துபோச்சா?"

"மறக்கலை." அவன் பையைக் கழற்றினான். "தௌபீக் வந்து கேட்டாரு. சரின்னு சாவியை வாங்கினேன். வாங்கின வேலையைப் பாதியில தள்ளிவிட்டா, நங்கூர வீட்டுக்காரன் கைவிட்டுட்டான்னுதான் பேரு வரும். அதுக்கு நீங்க சம்மதிப்பீங்களா?"

நான் பேசுகிற பேச்சை அவன் பேசினால் நான் என்ன பேசுவது? போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். இளையபெருமாள் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். குடித்தேன்.

சற்று நேரத்தில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மூஸா மரைக்காயர் இறங்கினார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, "சம்பந்தியும் இங்கதானா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காரிடம் போனார்.

"என்ன தம்பி இது, வண்டிக்குப் பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்கே?"

"கீறல் இருக்கிற இடம், மாமா" என்றான் யூனுஸ். "முதல்ல குறையைக் காட்டிட்டுத்தான் வேலை ஆரம்பிக்கிறது. நிறைய இருந்துச்சு. எடுக்க முடிஞ்சதை எடுத்துட்டேன். மிச்சம் இருக்கிறதுக்குத்தான் டேப்பு. கதவுல இருக்கிற இது ரொம்ப ஆழம். இது போகாது."

"அதான் மேல மெழுகு வருதே. தெரியாதுல்ல?"

"மெழுகு புதுசா இருக்கிற வரைக்கும் தெரியாது. அப்புறம் தெரியும். அதனாலதான் இப்பவே காட்டுறேன்."

"சரி, சரி. ரெண்டையும் இப்பவே போட்டுக் கொடுத்துடு. விடியக்காலம் நான் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகணும். தௌபீக்கோட மொதலாளி கல்யாணத்துக்கு வர்றாரு."

"இப்ப சீலன்ட் போடுறேன் மாமா. நாளைக்கு இந்நேரம் மெழுகு. ஊர்வலத்துக்கு வண்டி வந்துடும். அதுவரைக்கும் வெயில், பனி படாம இங்கயே நிக்கணும்."

"நாளைக்கா? மொதலாளியை நான் எதுல கூட்டிட்டு வர்றது?" அவர் குரல் ஏறியது. "மினுக்கினாப் போதும்ப்பா. கல்யாணம் முடியிற வரைக்கும் மினுக்கினாப் போதும். அப்புறம் எப்படிப் போனா என்ன?"

யூனுஸ் கையிலிருந்த துணியை நான்காக மடித்தான். அவன் குரல் உயரவில்லை.

"அப்படியும் போட்டுத் தரலாம், மாமா. நல்லா மினுக்கும். நீங்களே பாராட்டுவீங்க. அதுக்குப் பேருதான் பூசி மெழுகுறது. நான் செய்யறது அந்த வேலை இல்லை."

இளையபெருமாள் எட்டிப்போய்க் குழாயை மூடினார். மூஸா மரைக்காயர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். என் வீட்டுக் கூடத்தில் சொன்ன சொல் இங்கே எப்படி வந்தது என்று அவருக்குப் புரிந்தது. நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"சாவியைக் கொடு. நான் எடுத்துட்டுப் போறேன்."

யூனுஸ் உடனே சாவியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "இந்தாங்க மாமா. இதுவரைக்கும் செஞ்சதுக்கு ஒண்ணும் வேணாம்."

அந்தச் சாவியை அவர் எடுத்துக்கொண்டு போனால் அதோடு என் மகளின் கல்யாணமும் போகும். எனக்கு அது தெரியும். விட்டுக்கொடுக்கவே பிறந்தவன் என்று நான் நினைத்திருந்த என் மகன், தங்கையின் கல்யாணத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வேலையில் ஒரு நாள் குறைக்க மாட்டேன் என்று நிற்கிறான். என் முதுகு தானாக நிமிர்ந்தது. பயம் இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது.

"பெரியவாப்பா," என்று தௌபீக் குறுக்கே வந்தார். "மொதலாளியை டாக்ஸியில கூட்டிட்டு வருவோம். அவரு சிங்கப்பூர்ல தினமும் ரயில்லதான் ஆபீசுக்கு வர்றாரு. இதுக்குப் போயி எதுக்குக் கோவம்? பூசி மெழுகுறதுன்னா என்ன? யாரு சொன்னா?"

நான் எழுந்தேன்.

"உங்களுக்குத் தெரியாதுன்னா இப்பத் தெரிஞ்சுக்குங்க, மாப்பிள்ளை. யூனுஸ் பூசி மெழுகுறவன், அதனால அவன் வலீயா உக்காரக் கூடாதுன்னு உங்க பெரியவாப்பா என் வீட்டுல வந்து கேட்டாங்க. அவங்க உங்களை வளர்த்தவங்க, கேட்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு. மாட்டேன்னு சொல்ற உரிமை எனக்கு இருக்கு. நுஸைபாவுக்கு வலீ இவன்தான். வேற யாராவது உக்காரணும்னா இந்தக் கல்யாணம் வேணாம். பந்தல் போட்ட பின்னால சொல்றேன், பத்திரிகை கொடுத்த பின்னால சொல்றேன். என் மகளும் இதைத்தான் சொல்றா."

தௌபீக்கின் முகம் சிவந்தது. வளர்த்தவரை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அவர். அதற்காக நான் அவரைக் குறைத்து மதிக்கவில்லை. நடந்துபோய், காரின் அந்தப் பக்கம், யூனுஸுக்கு அருகில் நின்றுகொண்டார்.

மூஸா மரைக்காயர் அந்த இருவரையும் பார்த்தார். நீட்டிய கையில் சாவி அப்படியே இருந்தது. பிறகு குனிந்து, கதவில் டேப்பு ஒட்டியிருந்த இடத்தில் நகத்தால் மெதுவாக ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"இது போகவே போகாதா?"

"போகாது மாமா."

"என் துண்டுதானா?"

"துண்டுதான்."

அவர் நிமிர்ந்தார். நிமிர்வதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். "நாளைக்கு அசர் தொழுகைக்குப் பிறகு டிரைவரை அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை நோக்கி நடந்தார். ஏறுவதற்கு முன் நின்று, யாரையும் பார்க்காமல், சாலையைப் பார்த்துச் சொன்னார்:

"நிக்காஹ் அன்னிக்கு நேரத்தோட வந்து சேரு, தம்பி. வலீ வராம பள்ளிவாசல் ஹஜ்ரத் நிக்காஹ் குத்பா ஓத ஆரம்பிக்க மாட்டாரு."

அவ்வளவுதான். வருத்தம் தெரிவிக்கவில்லை, சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அவர் பேசி முடித்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. எங்களைப் போன்றவர்கள் மேட்டிலிருந்து இப்படித்தான் இறங்குவோம், இறங்கிய படி பிறர் கண்ணுக்குத் தெரியாமல்.

"வந்துடுவான், சம்பந்தி" என்றேன். "டீ குடிச்சுட்டுப் போங்க."

"போன தடவை உங்க வீட்டுல குடிச்சதே இன்னும் செரிக்கலை" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். இளையபெருமாள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு காருக்குப் பின்னால் போய்விட்டார்.

அதன் பிறகு நான் அங்கே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் இருந்தேன். யூனுஸ் சீலன்டைச் சொட்டுச் சொட்டாகப் பஞ்சில் விட்டு, ஒரு சாண் இடத்தை முடித்த பிறகே அடுத்த சாணுக்குப் போனான். ஒன்றும் மினுங்கவில்லை. பார்ப்பவருக்கு, கழுவிய கார் ஒன்று சும்மா நிற்கிறது, அவ்வளவே. முடித்ததும் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினான். "நாளைக்கு வந்தா மெழுகு போடுறதைப் பார்க்கலாம், உம்மா. அதுதான் பார்க்க அழகா இருக்கும்" என்றான். எனக்கு இதுவே போதும் என்றேன்.

கல்யாணத்தன்று மாலை, மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனையில் திரும்பியபோது பெண்களெல்லாம் மாடி ஜன்னல்களில் நெருக்கியடித்து நின்றோம். சாயங்கால வெயிலில் அந்தக் கறுப்புக் கார் ஊர்ந்து வந்தது. இரண்டு பக்கத்து வீடுகளும், தென்னை மரங்களும், கூட நடந்து வந்தவர்களின் வெள்ளைச் சட்டைகளும் அதன் மேல் தலைகீழாக நழுவிக்கொண்டே வந்தன. பிள்ளைகள் தங்கள் முகத்தைப் பார்க்கக் கிட்டே ஓடியபோது, மூஸா மரைக்காயர், "தொடாதே! கையை வச்சா ரேகை விழும்!" என்று அதட்டியது மாடிவரைக்கும் கேட்டது. காரின் வலப்பக்கம், கதவை ஒட்டியே அவர் நடந்து வந்தார். அந்தத் தோளில் அன்று துண்டு இல்லை.

நிக்காஹ் கீழே ஆண்கள் பந்தலில். நாங்கள் மேலே, ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தோம். நுஸைபா முக்காட்டுக்குள் அசையாமல் இருந்தாள். ஹஜ்ரத் குத்பா உரையை ஓதி முடித்தார். மைக் கைமாறுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். பிறகு யூனுஸ் பேசினான்.

"மர்ஹூம் மீராசா அவர்களின் மகளும் என் உடன்பிறந்த தங்கையுமான நுஸைபாவை, வலீயாகிய நான், உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

அவசரமில்லாமல், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே வேண்டிய இடம் விட்டுச் சொன்னான். குரல் நடுங்கவில்லை. தௌபீக், "ஏற்றுக்கொண்டேன்" என்றதும் நுஸைபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பினாங்கிலிருந்து வந்த கொழுந்தனின் மனைவி என் காதருகே குனிந்து, "குரல் அப்படியே மீராசா மச்சான் குரலாட்டமே இருக்கு, மச்சி" என்றாள்.

"இல்லை," என்றேன். "இது அவன் குரல்."